ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னால் எதைத் திருத்துவது?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தன் அப்பாருவை (அப்பாவின் அப்பாவை) உருமால் என்ற தலைப்பாகை கட்டிய கோலத்தில், 18-க்கு 24 அங்குலக் கேன்வாஸில் ஆயில் பெயிண்டிங்காக வரைந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரோட்டில் கூடி வரையும் நண்பர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கண் முறைக்கிறது என்றார் ஒருவர். முகம் தட்டையாக இருக்கிறது என்றார் இன்னொருவர். தோல் நிறம் சேறாகிவிட்டது, கழுத்து தலையைத் தாங்கவில்லை, பின்னணி தனியாக நிற்கிறது என்று மூன்று பேர். "சூப்பருங்க, இனிமே கை வைக்காதீங்க" என்று ஒருவர். வீட்டுக்கு வந்தால் அம்மா, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா உங்கப்பாரு மாதிரி இல்லையே சாமி" என்று சொல்லிவிட்டாராம். யார் சொல்வதைக் கேட்பது, காய்ந்துபோன படத்தில் எப்படிக் கை வைப்பது என்று கேட்கிறார். படத்தையும், அதற்கு ஆதாரமாக வைத்துக்கொண்ட போன் போட்டோவையும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். உங்கள் நண்பர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் கண் எங்கே இடறியதோ அந்த இடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இடறக் காரணம் என்ன என்பதைச் சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. இடத்தை அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காரணத்தை நீங்கள் தேடுங்கள். கண் முறைக்கிறது என்றவுடன் கண்ணையும், கழுத்து சரியில்லை என்றவுடன் கழுத்தையும் தனித்தனியாகத் திருத்தப் போனால் ஏழு ஒட்டுப்போட்ட முகம்தான் கையில் மிஞ்சும்.

உங்கள் படத்தில் அநேகமாக எல்லாக் குறையும் ஓரிடத்தில் போய் முடிகிறது. அந்த இடம், போட்டோ.

போட்டோ ராத்திரியில், வீட்டுக்குள், பிளாஷ் போட்டு, கை நீட்டும் தூரத்தில் எடுத்தது. பிளாஷ் வெளிச்சம் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே போய் முகத்தில் விழுகிறது. நிழல் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மூக்கின் பக்கவாட்டு, கன்னக்குழி, தாடைக்குக் கீழ்ப்பகுதி எல்லாமே ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. முகம் தட்டையாக இருப்பது இதனால். அப்படியே வரைந்தால் உருண்டு வராது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால் நிழலை நீங்களாகக் கறுப்பு கலந்து சேர்த்திருக்கிறீர்கள். அங்கேதான் நிறம் சேறானது. பிளாஷில் வெள்ளைவிழி பளிச்சென்று வந்திருக்கிறது. அதை டைட்டானியம் ஒயிட்டில் அப்படியே வைத்ததால் கண் முறைக்கிறது. பின்சுவர் போட்டோவில் இருட்டாகப் போனதால் பின்னணி ஒரே பழுப்பாக நின்றுவிட்டது. நாலு பேர் நாலு குறை சொன்னார்கள், நான்குக்கும் மூலம் ஒன்று.

அம்மா சொன்னதும் இதே கணக்கில் வருகிறது. போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகன்ற கோணத்தில் பார்ப்பது. பக்கத்தில் நின்று எடுத்தால் அதற்கு அருகே இருக்கும் மூக்கு பெரிதாகவும், தள்ளியிருக்கும் காதும் தாடையோரமும் சிறிதாகவும் விழும். முகம் முன்பக்கம் பிதுங்கி, ஓரங்களில் ஒடுங்கிவிடும். உங்கள் அம்மா மாமனாரை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தவர் இல்லை. ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) அவர் உட்கார்ந்திருக்க, அடுக்களை வாசலிலிருந்து பார்த்துப் பழகியவர். அவர் மனத்தில் இருக்கும் முகத்தின் அளவு வேறு. அவருக்கு ஓவியம் தெரியாது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாயல் விஷயத்தில் அந்த ஏழு பேரில் பெரிய வாத்தியார் அவர்தான்.

ரோமானியரான பிளினி, கிரேக்க ஓவியர் அபெல்லிஸைப் பற்றி ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். அபெல்லிஸ் தன் படத்தைத் தெருவைப் பார்த்து வைத்துவிட்டுப் பின்னால் மறைந்து நின்று, போகிறவர்கள் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பாராம். செருப்புத் தைக்கும் ஒருவர் காலணியில் ஒரு வார் குறைகிறது என்றார். அபெல்லிஸ் திருத்தினார். மறுநாள் அதே ஆள் காலையும் குறை சொல்ல, செருப்புக்கு மேலே வராதே என்று சொல்லிவிட்டார். முதல் பாதி சரியான பாடம். இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. கால் ஏன் தவறு என்று அந்த மனிதருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கண் அங்கே போய் நின்றதல்லவா? அந்த இடத்தை ஒரு தடவை சோதித்துப் பார்ப்பதில் ஓவியருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

உங்கள் படத்தில் உருமாலைப் பற்றி ஓவிய நண்பர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு முதலில் பட்டதே அதுதான். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, வளையம் அடுக்கியது போலச் சமமாகப் போகின்றன. துணி அப்படி நிற்காது. நெற்றியில் ஒரு சுற்று சாய்வாக ஏறும், அடுத்தது அதைக் குறுக்கே வெட்டும், செருகிய முனை ஒரு பக்கம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் துணியின் கரை தெரியும். இதை உங்கள் ஊரில் உருமால் கட்டும் பெரியவர் யாரிடமாவது காட்டுங்கள். "இப்படிக் கட்டுனா காட்டுக்குப் போறதுக்குள்ள அவுந்து போயிருமுங்க" என்று கையாலேயே கட்டிக் காட்டுவார். அந்தக் கையைப் பாருங்கள், படத்தில் துணி தானாக வந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. அப்பாரு திடமாக இருக்கிறார், காலையில் திண்ணையில் உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிடப் பெரிய பாக்கியம் போர்ட்ரெய்ட் வரைகிறவருக்குக் கிடையாது. போட்டோவைத் தூக்கி வையுங்கள். அவரைத் தினமும் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து, அவர் தலைக்குச் சற்று மேலிருந்து வரட்டும். ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தைச் சொல்லும், அங்கே நேர்வெயில் விழாது என்பதற்காக. நம் பக்கம் அது வருஷம் முழுக்கப் பொருந்தாது. கோபி இருக்கும் அட்சரேகையில், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலிலும் சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறது. காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்குத் திண்ணையில் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது தெற்குப் பக்கம் பாருங்கள், அல்லது தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் நடுவாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார வையுங்கள். மேலிருந்து வானத்து வெளிச்சம் மட்டும் இறங்கும். முகம் அங்கே உருண்டு நிற்கும்.

உதவிக்குப் போட்டோ வேண்டுமென்றால் அதே இடத்தில், பிளாஷ் இல்லாமல், எட்டடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். அளவுக்கு அதைப் பார்க்கலாம். நிறத்துக்கு மனிதரைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பாருங்கள். சுருக்கங்கள், மீசை மயிர், இமை ரோமம் எல்லாம் மறைந்து, வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டே துண்டாகத் தெரியும். அந்த இரண்டையும் பிரிக்கும் கோடு நெற்றியோரத்தில் தொடங்கி, கன்ன எலும்பைத் தாண்டி, வாயோரமாகத் தாடைக்கு இறங்கும். அந்தக் கோடுதான் முகத்தின் எலும்பு. அதைப் படத்தில் முதலில் பிடியுங்கள். நிழல் பக்கத்தில் இருக்கும் மிக வெளிச்சமான இடம்கூட, வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட இருண்டே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறாமல் இருந்தால் தட்டை என்ற பேச்சே எழாது.

கண்ணுக்கு வருகிறேன். வெள்ளைவிழி ஓர் உருண்டை. அது குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேலே புருவ எலும்பும் மேலிமையும் கூரை போட்டிருக்கின்றன. மேலிமையின் நிழல் விழியின் மேல்பகுதியில் கட்டாயம் விழும். வயதானவருக்கு இமை தொங்குவதால் அந்த நிழல் இன்னும் அதிகம். நீங்கள் கருவிழியைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை விட்டிருக்கிறீர்கள். பயந்தவருக்கோ கோபப்பட்டவருக்கோதான் கருவிழி முழு வட்டமாகத் தெரியும். கருவிழியின் மேல்பகுதியை இமைக்குள் கொண்டுபோங்கள். வெள்ளைக்குப் பழுப்பும் நீலமும் கலந்த ஒரு சாம்பல் போடுங்கள், கன்னத்து வெளிச்சத்தைவிட அது மங்கலாக இருக்கட்டும். வயலில் வெயிலைப் பார்த்த கண்களில் மூலைகள் மஞ்சளோடியிருக்கும், ரத்த நரம்பு லேசாகத் தெரியும். கீழிமையின் ஈரமான விளிம்பு ஒரு மெல்லிய கோடாக வெளிச்சத்தை வாங்கும். இரண்டு கண்ணிலும் ஒளிப்புள்ளியை ஒரே அளவில், ஒரே பிரகாசத்தில் வைத்திருக்கிறீர்கள். நிழல் பக்கக் கண்ணில் அதைக் குறையுங்கள், முழுக்க எடுத்தாலும் சரிதான்.

தோல் நிறத்தில் ஒரு விஷயம் உங்கள் நண்பர்களுக்கும் தப்பிவிட்டது. உருமாலோடு வாழ்நாளெல்லாம் வெயிலில் நின்றவர்களுக்கு நெற்றி ஒரே நிறமாக இருக்காது. அதை அவிழ்த்துப் பார்த்தால் மேல் நெற்றி வெளுத்தும், புருவத்தை ஒட்டிய பகுதி கறுத்தும், நடுவே ஒரு கோடு போட்டதுபோல இருக்கும். அவர் கட்டும்போது துணி கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் அந்த வெளுத்த பட்டை ஒரு விரல்கடை தெரியும். அதை வரைந்தால் உழைத்த மனிதரின் தலை என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். உங்கள் படத்தில் நெற்றி, கன்னம், தாடை மூன்றுக்கும் ஒரே கலவை போயிருக்கிறது. பொதுவாக நெற்றியில் மஞ்சள் தூக்கலாகவும், கன்னம் மூக்கு காதில் சிவப்பு தூக்கலாகவும், சவரம் செய்யும் தாடையில் சாம்பல்-நீலம் தூக்கலாகவும் இருக்கும். நம் பழுப்புத் தோலிலும் இது உண்டு, அடக்கமாக இருக்கும்.

கலவைக்கு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர் நீலம்) மூன்றிலேயே நடுத்தர நிறம் வந்துவிடும். நிழலுக்கு பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரைனும், துளி கிரிம்சனும் (கருஞ்சிவப்பு). நிழலில் வெள்ளை சேர்க்காதீர்கள், உங்களுக்குச் சேறானது அதனால்தான். கறுப்பின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் பேலட்டே, அதாவது வண்ணத் தொகுப்பே, ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக், வெள்ளை என்ற நாலு நிறம்தான். கறுப்போடு வெள்ளையையும் சேர்த்து நிழலில் பூசும்போதுதான் சுண்ணாம்புச் சாம்பல் ஏறுகிறது. நம் தோலின் வெளிச்சப் புள்ளிகள் கூர்மையானவை, கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் பளிச்சென்று நிற்கும். திண்ணையில் விழுவது வானத்து வெளிச்சம் என்பதால் அவற்றில் லேசாக நீலம் ஓடும். வெள்ளையை அந்த இடங்களுக்காகச் சேமித்து வையுங்கள்.

கழுத்தைப் பற்றிச் சொன்னவர் சுதை வேலை செய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். களிமண்ணிலும் சுதையிலும் உருவம் பிடிப்பவர்களுக்குத் தலையின் எடை கையிலேயே தெரியும். கழுத்தை நீங்கள் தோளின் மேல் நட்ட தூண் மாதிரி நேராக நிறுத்தியிருக்கிறீர்கள். கழுத்து முன்பக்கமாகச் சாய்ந்துதான் தோளிலிருந்து எழும், வயதானவருக்கு இன்னும் அதிகமாக. காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழிக்கு இறங்கும் இரண்டு தசைநார்களையும் பிடித்துவிட்டால் தலை உட்கார்ந்துவிடும். இன்னொன்று, பல் விழுந்தவர்களுக்கு மூக்குக்கும் மோவாய்க்கும் இடைவெளி குறையும். நீங்கள் புத்தக அளவுப்படி மூன்று சம பாகமாகப் பிரித்திருப்பதால் முகத்தின் கீழ்ப்பாதி நாற்பது வயதுக்காரருடையதாக இருக்கிறது. ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணின் உள்மூலை, மூக்குச் சிறகு, வாயோரம் ஆகியவை எங்கெங்கே விழுகின்றன என்று அவர் முகத்திலும் படத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்னணிக்கு அதிக யோசனை வேண்டாம். சுற்றுவிளிம்பு முழுவதும் ஒரே கூர்மையில் வெட்டியிருப்பதால்தான் தலை தனியாக நிற்கிறது. நிழல் பக்கக் காதையும் தோளையும் பின்னணியோடு கொஞ்சம் கரைத்துவிடுங்கள். தோலில் போட்ட நிறங்களிலேயே பின்னணியையும் கலந்துகொள்ளுங்கள்.

இனி, காய்ந்த படத்தில் கை வைப்பது. ஆயில் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்வது போலக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி இறுகுகிறது. அம்பர் சீக்கிரம் இறுகும், ஐவரி பிளாக்கும் கிரிம்சனும் தாமதிக்கும். தடியான இடத்தில் நகத்தை லேசாக அழுத்திப் பாருங்கள், தடம் விழாவிட்டால் மேலே வேலை செய்யலாம். ஆனால் எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். படத்தில் உருமாலுக்குக் கீழேயும் கழுத்திலும் பழுப்பு செத்து, பூத்துப்போன மாதிரி இருக்கிறது. எண்ணெய் அடியில் உறிஞ்சப்பட்டதால் வருவது இது. லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெயில்) கொஞ்சம் டர்பன்டைன் சேர்த்து, அன்றைக்கு வேலை செய்யப்போகும் இடத்தில் மட்டும் மிக மெல்லியதாகத் தடவி, துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். நிறத்தின் ஆழம் திரும்பி வரும். நண்பர் சேறு என்றதில் ஒரு பங்கு இதிலேயே தீர்ந்தாலும் தீரும். மேல் பூச்சில் எண்ணெய் கீழ்ப் பூச்சைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிப்பு விடும்.

அந்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் இறுகும்போது சூடு உண்டாகும், குவித்துவைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீருள்ள டின்னில் போட்டு மூடிவையுங்கள். பஞ்சும் நூலும் கிடக்கும் வீடுகளில் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் ஈரப்படத்தில் தூசியும் தறிப்பஞ்சும் வந்து ஒட்டும். வேலை முடிந்ததும் கேன்வாஸின் முகத்தைச் சுவர்ப்பக்கமாகச் சாய்த்துவைத்தால் போதும்.

கண்ணையோ தாடையையோ இடம் மாற்றுவதாக இருந்தால் பழைய கோட்டின் மேடு வெளியே தெரியாதபடி பேலட் நைஃபால் சுரண்டி, நன்றாக மறைக்கும் நிறத்தால் மூடிவிட்டு வரையுங்கள். ஆயில் வண்ணம் வருஷம் போகப் போக ஊடுருவித் தெரியும் தன்மையை அடைகிறது. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த, குதிரைமேல் அமர்ந்த நான்காம் பிலிப் மன்னர் படம் மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் இருக்கிறது. அவர் மாற்றி வரைந்த குதிரையின் பழைய பின்னங்கால்கள் இன்று மங்கலாக வெளியே தெரிகின்றன.

நண்பர்களிடம் அடுத்த முறை காட்டும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'சூப்பர்' என்ற பதில்தான் வரும். அப்படிச் சொன்ன நண்பர் அன்பாகத்தான் சொன்னார், உங்களுக்கு அதில் வேலை எதுவும் இல்லை. "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" "முதலில் உங்கள் கண் எங்கே போகிறது?" "இவருக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றால் அங்கே கோளாறு உண்டு. ஒருவர் மட்டும் சொன்னால், அவர் என்ன வரைகிறவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வாட்டர்கலர்காரருக்கு எல்லாம் இறுக்கமாகத் தெரியும், கம்ப்யூட்டரில் வரைகிறவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும். உங்கள் கூட்டத்தில் சினிமா பேனர் எழுதிய பழைய ஆள் யாராவது இருந்தால் விடாதீர்கள். ஃபிளெக்ஸ் வந்து அவர்கள் தொழிலை அழித்துவிட்டது. ஆனால் தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் இன்னார் என்று தெரியும்படி முகம் பிடித்தவர்கள் அவர்கள். சாயலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

இப்படிக் கூடிப் பார்ப்பதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடாதீர்கள். கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் 1944-இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியதும், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியதும், ஓவியர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான்.

கடைசியாக, பெரிய கேன்வாஸில் உடனே கை வைக்க வேண்டாம். 10-க்கு 12 அங்குலத்தில் ஒரு சின்னப் போர்டு எடுத்து, திண்ணை வெளிச்சத்தில் அப்பாருவின் தலையை மட்டும் நேரில் பார்த்து வரையுங்கள். ரோமம், சுருக்கம் எதுவும் வேண்டாம், வெளிச்சமும் நிழலும் கழுத்தின் சாய்வும் போதும். அதைப் பெரிய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் நிறத்திலும் வெளிச்சத்திலும் மட்டும் இருந்தால் பழைய படத்தின் மேலேயே திருத்துங்கள். தலையின் அளவே மாற வேண்டியிருந்தால், எனக்கு அப்படித்தான் படுகிறது, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கேன்வாஸ் மாட்டுங்கள். எதுவானாலும் சின்னப் போர்டை முதலில் அம்மாவிடம் காட்டுங்கள், அப்புறம் சுதை வேலைக்காரரிடம். மற்றவர்களுக்குக் காட்ட அவசரமில்லை. வார்னிஷ் அடிக்க எப்படியும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் பொறுக்க வேண்டும்.